இடது கட்டைவிரல்

மர மில்லின் மோட்டாரைத் திருடியவருக்கு நீதிமன்றம் இரண்டு வருடம் போட்ட அன்று, காலை பதினோரு மணிக்கு, எங்கள் தெருவில் எல்லோருக்கும் இடது கட்டைவிரல் வலிக்கத் தொடங்கியது. வீக்கமில்லை, காயமில்லை. அறுபட்ட இடத்தில் காற்றுப் படுவது போன்ற வலி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். சொல்லும்போதே தன் விரலை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்த வருடம் பிறந்த குழந்தைகள் இடது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் ஒளித்தபடி பிறந்தன. பால் குடிக்கும்போதும் கையைத் திறக்கவில்லை.

திருடியவர் அதே மில்லில் பதினாறு வருடம் மரம் அறுத்தவர். வட்ட ரம்பத்துக்கு மேல் ஓர் இரும்பு மூடி உண்டு. மூடி இருந்தால் வேலை மெதுவாகத்தான் நகரும் என்று மில்காரர் அதைக் கழற்றி வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். ஒரு நாள் ரம்பம் மரம் அறுத்தவருடைய இடது கட்டைவிரலை எடுத்துக்கொண்டது. பலகை பிடிக்காத கைக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேறெங்கும் சேர்க்கவும் இல்லை. எட்டு மாதம் பொறுத்தவர், ஒன்பதாம் மாதம் பட்டப்பகலில் மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு பழைய இரும்புக்கடைக்குப் போனார். "கட்டைவிரல் இல்லாமயே மோட்டாரைத் தூக்கிட்டான். இருந்திருந்தா மில்லையே தூக்கியிருப்பான்" என்றார் சலூன்காரர். தெருவே சிரித்தது.

வலி வந்ததும், அவர்தான் ஜெயிலுக்குள் இருந்துகொண்டு ஏதோ செய்வினை வைக்கிறார் என்று முடிவுகட்டி, தண்டனையைக் கூட்டச் சொல்லி மனு எழுதினோம். ஒரு வருடம் கூட்டினார்கள். அன்றே வலி மணிக்கட்டுக்கு ஏறியது. சீப்புப் பிடிக்க முடியாமல் சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு, நாலு பேரோடு திருடியவருடைய மனைவியைத் தேடி மில்லுக்குப் போனார். தெருவில் வலி இல்லாதவர் அந்த அம்மா ஒருவர்தான். புருஷன் நின்ற இடத்தில், மூடி இல்லாத அதே ரம்பத்துக்கு முன்னால், பலகை தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அண்ணன்கிட்ட பேசி இதை நிறுத்தச் சொல்லுங்க" என்றார் சலூன்காரர். மரியாதை தானாக வந்துவிட்டது.

"அவரு என்னத்த நிறுத்துவாரு? உள்ள போன அன்னைக்குத்தான் வலியில்லாம தூங்கினாராம்." ரம்பத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மூடியைக் கொண்டாந்து மாட்டு. நாளைக்கு என் வலது கை விரலும் போச்சுன்னா நீ எந்தக் கையால செரைப்ப?"

நாலு பேரும் மூடியை வலது கையாலேயே தூக்கி வந்து மாட்டினார்கள். மில்காரர் தடுக்கவில்லை, அவருக்கு முழங்கை வரை ஏறியிருந்தது. கடைசித் திருகு இறுகியதும் வலி எல்லோருக்கும் கட்டைவிரலுக்கு இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது.

மூன்று வருடம் முடிந்து வந்தவரை மில் வாசலில் காவலுக்கு வைத்தார்கள். முதல் காரியமாக அவர் சவரத்துக்குப் போனார்.

"வலிக்குதாண்ணே?"

"இல்லப்பா. உனக்கு?"

"வலிக்குது."

"அப்ப பாத்துப் போடு கத்தியை."

இருபத்திரண்டு வருடமாகிறது. மில்லில் அதற்குப்பின் யார் விரலும் போகவில்லை. இடையில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. எடுத்த பெண்ணைப் போலீசுக்கு அனுப்புமுன் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டோம். புதிதாகக் குடிவருபவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் கிழமையையும் சொல்லும்போது வலியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கும் வந்துவிடும். யாரும் இப்போது டாக்டரிடம் போவதில்லை. இந்தத் தெரு அந்த மரம் அறுத்தவருக்கு ஒரு கட்டைவிரல் பாக்கி வைத்திருக்கிறது.