இடது தொடைக்கு வாங்கிய ஸ்லீவ்

தகுதிச் சுற்று ஓடி முடித்து, ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்து ஷார்ட்ஸைச் சற்று மேலே ஏற்றியபோதுதான் பார்த்தேன். தசையை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஸ்லீவ் வலது தொடையில் இருந்தது. போன வருடம் தசை கிழிந்ததோ இடது தொடையில். அந்தப் பயத்தில்தான் கடையில் இருந்ததிலேயே இறுக்கமானதாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அதைத் தனியாக ஏற்ற முடியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து மாட்டிவிடுவார். சரி, அவருக்குத்தான் குழம்பியது என்றால் எனக்கு எங்கே போயிற்று புத்தி? எங்கோ இறுக்கியது, அது போதும் என்று ஓடிவிட்டேன். இடது கால் வாயே திறக்கவில்லை.

"எனக்கு இது இடது பக்கமாத்தான இருந்துச்சு," என்றார் அவர்.

போன வருடத்திலிருந்து எனக்குச் சிகிச்சை பார்க்கும் பிசியோதெரபி பெண்மணி வந்து இடது தொடையை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"அப்ப ஆறிடுச்சுன்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஆறியிருக்கலாம். ஆறாமயும் இருக்கலாம். ஸ்லீவ் போட்டா தசை கிழியாதுன்னு நான் என்னைக்கும் சொல்லலையே. உங்களுக்குத் தைரியமா இருந்துச்சு, வேணாம்னு சொல்லல. அவ்வளவுதான்."

மாலையில் இறுதி ஓட்டம். ஜெயித்தால் அணியில் இடம். என் வயதுக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. மறுபடி கிழிந்தால் ஓட்டத்துக்கே முழுக்கு. இத்தனை மாதம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த வலி தொடையில் இருந்ததா, தலையில் இருந்ததா? கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இதில் இன்னொரு கூத்து. ஸ்லீவைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில், ஒரு குறையும் இல்லாத வலது தொடை லேசாக வலிக்கத் தொடங்கியது. வலிதானா என்று தொட்டுப் பார்த்தேன். தொட்டால் இல்லை, கையை எடுத்தால் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது ஓட வேண்டாம் என்பார்கள்.

இறுதி ஓட்டத்துக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் என் முன்னால் மண்டியிட்டு, ஸ்லீவின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"நீயே சொல்லும்மா. எந்தக் கால்?"

பயமாக இருந்தது. இரண்டு கால்களையும் நீட்டினேன்.