பனிக்கு அடியில் கிடந்த கம்பி

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு ஃபைவிஷின் ஷூ முனையில் ஏதோ தட்டுப்பட்டது.

குனிந்து பார்த்தார். பனியிலிருந்து வெள்ளைக் கம்பி ஒன்று எட்டிப் பார்த்தது. நிமிர்ந்தார். மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்த கம்பத்தின் உச்சி மொட்டையாக நின்றது. பக்கத்து மரத்தின் கிளை ஒன்று முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது.



வெஸ்ட் ஹார்லோ ஊரைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் ஓடும் கம்பி அது. அங்குள்ள முன்னூறு யூதக் குடும்பங்களும் அதை எருவ் என்பார்கள். கம்பி முழுசாக இருந்தால் ஊரே ஒரு வீடு. வெள்ளி சாயங்காலம் முதல் சனி ராத்திரி வரை நீளும் சபாத் என்ற ஓய்வு நாளில் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளலாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கலாம். ஓர் இடத்தில் அறுந்தாலும் போச்சு. கைக்குட்டையைக்கூட வாசலுக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது.

இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கம்பியைச் சுற்றிப் பார்த்து, "எருவ் நன்றாக இருக்கிறது" என்று ஊரார் கூப்பிட்டுக் கேட்கும்படி தொலைபேசியில் பதிவு செய்து வைப்பது ஃபைவிஷின் வேலை. நேற்றும் மதியம் இரண்டு மணிக்குப் பதிவு செய்தார். சுற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வியாழக்கிழமை பார்த்திருந்தார். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது? மறுநாள் பேரனுக்கு விருத்தசேதனம், பிறந்த எட்டாம் நாள் நுனித்தோல் நீக்கும் சடங்கு. கேக்குக்கும் மீனுக்கும் அலையவே பொழுது சரியாக இருந்தது.

ஒருவேளை நேற்று ராத்திரிக் காற்றில் விழுந்ததோ?

ஆசையாகத்தான் நினைத்தார். ஆனால் கம்பி பனிக்கு மேலே கிடக்கவில்லை. நாலு விரல்கடை பனிக்கு அடியில் கிடந்தது. பனி நின்றது வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு.

பத்து மணிக்கு அவர் மகள் ஹிண்டா, பிறந்து எட்டே நாளான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜெப ஆலயத்துக்குக் கிளம்புவாள். அப்பா சொன்னதை நம்பி.

ஃபைவிஷ் ஜெப ஆலயத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அங்கே மதகுரு ரப்பி லிக்டிகர் தனியாக உட்கார்ந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஃபைவிஷ், பேரனுக்கு முன்னாடி நீ அழுதுடுவ போலிருக்கே?"

"கம்பி அறுந்து கெடக்கு, ரப்பி. மருந்துக் கடைக்குப் பின்னால."

ரப்பியின் சிரிப்பு நின்றது. "எப்போ?"

வாயில் உண்மை வந்தது. நாக்கு வேறொன்றைச் சொன்னது. "ராத்திரிக் காத்துல இருக்கும்."

ரப்பி கண்ணை மூடித் தாடியை நீவினார். "ஊருக்குச் சொல்லப் போறதில்ல. பாதிப் பேர் இப்பவே பிள்ளை வண்டியோட தெருவுல இருப்பான். நான் சொன்னா கேக்கவா போறான்? இத்தனை நேரம் தெரியாம செஞ்சதைத் தெரிஞ்சே செய்வான். தெரியாமலே இருக்கட்டும்."

ஃபைவிஷுக்கு மூச்சு வந்தது. "அப்போ ஹிண்டாவுக்கும்..."

"ஹிண்டா கேக்கற பொண்ணு. சொன்னா நிப்பா. நிக்கறவகிட்ட மறைக்க உனக்கு அனுமதி கிடையாது." ரப்பி கண்ணைத் திறந்தார். "ஒரு வழி இருக்கு. ஊரே பாவத்துல தடுக்கி விழாம இருக்க, சபாத் தடை இல்லாத, நம்மவர் இல்லாத ஒருத்தர்கிட்ட கட்டித் தரச் சொல்லிக் கேக்கலாம். ஆள் இருக்கா?"

"தோமாஸ் துவார்த்தே இருக்கார். மருந்துக் கடைக்கு அடுத்த வீடு."

"போய்க் கேளு. கட்டி முடிச்சுட்டா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். முடியலேன்னா மகளை வீட்டுலயே நிறுத்து. பத்தேகால் வரைக்கும் பிள்ளை வரலேன்னா நாங்க எல்லாரும் அங்க வந்துடறோம். கத்திப் பெட்டி இங்க இருக்கு, அதைத் தூக்கிட்டு வர நம்ம காவல்காரர் கார்லோஸ்கிட்ட சொல்றேன், அவரும் நம்மவர் இல்லியே. எட்டாம் நாளைத் தவற விடக் கூடாது."

எல்லாரும் வருவார்கள். ஏன் வந்தோம் என்று எல்லாரும் கேட்பார்கள். கார்லோஸ் கையில் பெட்டியைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும். பனி எப்போது நின்றது என்பது ஊருக்கே தெரியும்.

கம்பி பத்துக்குள் மேலே ஏறியாக வேண்டும்.

துவார்த்தேயின் கதவை மூன்று தடவை தட்டினார். நாலாவது தடவைதான் திறந்தது. எழுபத்தொரு வயது, கையில் காபிக் கோப்பை. கேபிள் கம்பெனியில் முப்பது வருஷம் கம்பம் ஏறிய மனிதர்.

"என்னப்பா, உங்க ஆளுங்களுக்கு இன்னைக்கு விளக்கு சுவிட்சைக்கூடத் தொடக் கூடாதே. என் காலிங் பெல்லுக்கும் லீவா?"

"தோமாஸ், ஒரு பெரிய உதவி..."

கேட்டு முடித்ததும் துவார்த்தே சிரித்தார். "அந்தத் துணி காயப்போடற கம்பியா? அது இருந்தா ஊரே வீடு, அறுந்தா வீடு இடிஞ்சு போச்சா? நல்ல கதைய்யா உங்களுது. இரு, காபியைக் குடிச்சுட்டு வரேன்."

காபி கால் மணி நேரம் குடிக்கப்பட்டது. கோட்டு தேட இருபது நிமிஷம். ஏணி கராஜில் சாமான்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஃபைவிஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் எடுத்துக் கொடுக்க முடியாமல், கடிகாரத்தையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பது ஐந்து. ஒன்பது இருபது.

சமையலறையிலிருந்து துவார்த்தேயின் மனைவி கத்தினாள். "தோமாஸ்! ஏணியை ஏன் எடுக்கற? இடுப்பு ஆபரேஷன் ஆகி நாலு மாசம்தான் ஆகுது. டாக்டர் என்ன சொன்னார்?"

"சும்மா இரு, ரெண்டே நிமிஷம்!"

துவார்த்தே ஃபைவிஷைப் பார்த்துக் கண்ணடித்தார். ஃபைவிஷ் காதில் விழாத மாதிரி கம்பத்தைப் பார்த்தார்.

காதில் நன்றாகவே விழுந்திருந்தது.

ஒன்பது முப்பத்தைந்து. ஏணி கம்பத்தில் சாய்ந்தது. அதன் கால்கள் உறைந்த பனியில் கிரீச்சிட்டன. துவார்த்தே ஏறினார். ஒரு படி, மூச்சு. அடுத்த படி, மூச்சு. வலது காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் முகம் கோணியது.

ஏறிடு, ஏறிடு என்று ஃபைவிஷின் மனசு அடித்துக்கொண்டது. இன்னும் நாலு படி. நாலே நாலு. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

ஏழாவது படியில் பனி பளபளத்தது. துவார்த்தேயின் கால் அதன்மேல் போனது.

சர்ரென்று வழுக்கியது.

ஏணி ஒரு பக்கமாகச் சரிந்தது. ஃபைவிஷ் எப்படிப் பாய்ந்தார் என்று அவருக்கே தெரியாது. தோளை ஏணிக்கு முட்டுக் கொடுத்து, ஒரு கையால் துவார்த்தேயின் பேன்ட்டைக் கொத்தாகப் பிடித்திருந்தார். மேலே அந்த மனிதர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். தொப்பி பறந்து பனியில் விழுந்தது.

கால் மறுபடி படியைத் தேடிப் பிடித்தது.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல." துவார்த்தேயின் குரல் நடுங்கியது. "இன்னும் மூணு படிதான். பிடிச்சுக்கோ."

மூணு படி. மணி ஒன்பது நாற்பது.

"இறங்குங்க."

"அட, வந்தாச்சுப்பா..."

"தோமாஸ், இறங்குங்கன்னு சொல்றேன்ல! உங்க வீட்டம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டே உங்களை ஏத்தி விட்டேன். இறங்குங்க."

துவார்த்தே குனிந்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினார். தரையைத் தொட்டதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் பேரன்?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க உள்ள போய் உக்காருங்க."

ஃபைவிஷ் ஓடினார். அறுபத்து மூன்று வயதில், சபாத் கோட்டோடு, வழுக்குகிற நடைபாதையில். எதிரே ஒரு பெண் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "தாத்தாவுக்கு வாழ்த்துகள்!" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வண்டியின் சக்கரம் ஒவ்வொரு சுற்றும் அவர் நெஞ்சின் மேல் ஏறியது.

ஹிண்டாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

வெள்ளைத் தலையணையில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். பின்னால் சம்பந்தியம்மா பிரைண்டல், புதுத் தொப்பியும் முத்து மாலையுமாக. ஹிண்டாவின் ஒரு கால் நிலையைத் தாண்ட உயர்ந்திருந்தது.

"நில்லும்மா! தாண்டாதே!"

கால் அந்தரத்தில் நின்றது. மெதுவாக உள்ளே போனது.

"அப்பா? என்ன இப்படி மூச்சு வாங்குது? என்னாச்சு?"

"கம்பி அறுந்து கெடக்கு. பிள்ளையை வெளிய கொண்டு வரக் கூடாது. ரப்பி எல்லாரையும் கூட்டிட்டு இங்கயே வரார்."

"ஐயையோ!" என்று பிரைண்டல் கன்னத்தில் கை வைத்தாள். "எழுபது பேருக்கு இந்தக் கூடத்துல எங்க இடம்? சரி, என்ன பண்றது. ராத்திரி காத்து அப்படிப் பேயா அடிச்சுதே, கம்பி என்ன இரும்புத் தூணா? நீங்க ஏன் சம்பந்தி இப்படி வேர்த்து நிக்கறீங்க? காத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

கதவு திறந்தே கிடந்தது. அதைப் போலவே தப்பிக்கும் வழி ஒன்றும் திறந்து கிடந்தது, அவர் நுழைந்துவிடட்டும் என்று. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும்.

ஹிண்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து இல்ல சம்பந்தி. வெள்ளிக்கிழமை காலையிலயே விழுந்துடுச்சு. நான் போய்ப் பாக்கல. பாக்காமலே நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

பிரைண்டலின் கை கன்னத்திலேயே நின்றது. "பாக்காமலேயா? நேத்து ராத்திரி என் அக்கா மூணு பிள்ளைங்களையும் தூக்கிட்டு வந்தாளே உங்க பேச்சை நம்பி! சடங்குல பிள்ளையை மடியில வெச்சுக்கப் போற மனுஷன்..." மேலே சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது, தேவைக்கு மேல் பலமாக.

ஹிண்டா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "ரப்பிகிட்டயும் இதையேதான் சொன்னீங்களா?"

"காத்துன்னு சொன்னேன்."

அவள் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து, வழிவிட்டு நகர்ந்து நின்றாள்.

பத்து இருபத்தைந்துக்குத் தெரு முனையில் கறுப்புக் கோட்டுகள் தெரிந்தன. முன்னால் ரப்பி. அவர் பக்கத்தில் கார்லோஸ், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. பின்னால் ஊரே தங்களுக்குள் கசமுசவென்று பேசிக்கொண்டு.

ஃபைவிஷ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். வெளிவாசலில், எல்லாருக்கும் கேட்கிற தூரத்தில், ரப்பியின் எதிரே போய் நின்றார்.

"ரப்பி, காலையில உங்ககிட்ட நான் சொன்னது பொய்."