மஞ்சள் பிடித் தோல்சீவி

ஆளுக்கொரு துண்டு நிலத்தில் பயிரிடும் எங்கள் தோட்டக் காலனியில் ஜூன் மாதத் தீமூட்டும் திருநாளன்று புது உருளைக்கிழங்கை முதலில் மேசைக்குக் கொண்டுவருகிறவருக்குத்தான் மரியாதை. இத்தனை வருஷத்தில் இந்த முறைதான் அது எனக்கு வாய்த்தது. அதைக் கெடுக்கவென்றே பிறந்தவன் எங்கள் தலைவர் ப்ரெபென்.

கிழங்கு வேகும் வரை எல்லோரும் அவனுடைய ஸ்ட்ராபெரியைத் தின்றுகொண்டிருந்தார்கள். காம்பைக் கிள்ளி ஆளுக்கு ஒரு கிண்ணம் நீட்டிக்கொண்டிருந்தான். பழம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நான் ஆவி பறக்கும் பானையைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் வெண்ணெயையும் வைத்தேன்.

"யாரும் தொடாதீங்க," என்றான் ப்ரெபென். "போன வாரம் வேலிக்கு மேல எட்டிப் பாத்தேன். அந்த நீலப்பூ நாபிச் செடிய கெர்டா நறுக்கி உரக்குவியல்ல போட்டுட்டு இருந்தா. இலையிலேர்ந்து வேர் வரைக்கும் விஷம்! அந்த உரத்துல வெளஞ்ச கிழங்குதான் இது."

நீண்ட கைகள் எல்லாம் மடிக்குத் திரும்பின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அட அறிவுக்கொழுந்தே! செடியத் தின்னாத்தான் விஷம். கையுறை போட்டு நறுக்கி, குவியலுக்கு நடுவுல புதைச்சு, ஒரு வருஷம் மக்க விட்டா விஷமும் சேந்து மக்கிப் போயிடும். போன வாரம் போட்டது இன்னும் குவியல்லதான் கிடக்கு. ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். இங்க எந்த மாடு மேயுது, உன்னைத் தவிர?"

இங்கெலீஸ சிரித்தாள். ஆனால் என் உயிர்த்தோழியான அவளும் தட்டை நீட்டவில்லை.

"திங்கக்கிழமை கூட்டத்துல தீர்மானம் போடறேன்," என்றான் ப்ரெபென். "அந்தக் குவியல மொத்தமா அள்ளி லாரில ஏத்திடணும்."

என் குவியலையா! பிள்ளையைப் போல வளர்த்த குவியல் அது. இவன் முன்னால் அழக் கூடாது என்று பார்வையை அவன் கைக்குத் திருப்பினேன். காம்பு கிள்ளிக்கொண்டிருந்த தோல்சீவியைப் பார்த்தேன். மஞ்சள் பிடி, ஓரத்தில் கருகிய தழும்பு.

"அது ஏது உனக்கு?"

"இதா? போன வசந்தத்துல என் ஸ்ட்ராபெரி பாத்தியில கிடந்துது. மண்ணோட மண்ணா வந்திருக்கும்."

"ஏய், அது உன்னோடதுடி!" என்று கத்தினாள் இங்கெலீஸ. "அடுப்புல வச்சுக் கருக்குனியே! தோலோட சேத்து உரத்துல போட்டுட்டேன்னு குவியலையே கிளறித் தேடினியே!"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக ப்ரெபென் விழித்தான். வாயருகே பழத்தைக் கொண்டுபோன கிழவர் ஹோல்யர் அப்படியே நிறுத்தினார்.

"அப்ப இந்தப் பழம்..."

"என் உரத்துல வெளஞ்சதுதான்," என்றேன். "அந்தச் செடிய நான் வருஷா வருஷம் அதுலதான் போடறேன். ரெண்டு கிண்ணம் காலி பண்ணிட்டீங்க, ஹோல்யர். உடம்புக்கு எதாச்சும் பண்ணுதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னொரு கிண்ணம் வேணும்னு தோணுது."

மேசையே குலுங்கிச் சிரித்தது. ப்ரெபெனின் முகம் அவன் பழத்தைவிடச் சிவந்துபோயிருந்தது.

"எத்தன வண்டிடா அள்ளுன?"

"ஒரு... நாலு இருக்கும். என்னோடது மக்கவே மாட்டேங்குது கெர்டா. நாத்தம்தான் வருது. உன்னோடது கறுப்பா, உதிரியா... பாத்தா ஆசையா இருந்துது."

என் உரத்தை இதுவரை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. கோபப்பட நினைத்தேன், வரவில்லை. பெரிய கிழங்காகப் பார்த்து அவன் தட்டில் போட்டேன். அதில் வெண்ணெய் தடவி, எல்லோரும் பார்க்க முழுசாகத் தின்றான். அதன்பிறகு பானையில் ஒரு கிழங்குகூட மிஞ்சவில்லை.

"திங்கக்கிழமைத் தீர்மானம்?" என்று கேட்டேன்.

"எந்தத் தீர்மானம்?" என்றான், வாயைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை காலையில் உரம் அள்ளக் காலித் தள்ளுவண்டியோடு வந்து நின்றான். இந்த முறை வாசல் வழியாக.