ஞாயிற்றுக்கிழமை எதிரி

அந்த வீட்டில் அவருக்குப் பெயர் எதிரி. பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லாமலில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியே இருந்தது. ஆனால் இருபத்தாறு வருடமாக ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தால் சமையலறையிலிருந்து அவள் தன் கணவருக்கு, "ஏங்க, உங்க எதிரி வந்தாச்சு" என்றுதான் குரல் கொடுப்பாள். பேச்சு வந்த புதிதில் மகள் அவரை 'எதிரி மாமா' என்று கூப்பிட்டாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் போனில், "எதிரி மாமா சௌக்கியமா?" என்றுதான் கேட்பாள்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்த வினை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் தன் கல்யாணத்துக்கு முன்பே பழைய சாமான் கடையில் வாங்கிய போர் விளையாட்டு அது. நாலாக மடித்த பெரிய வரைபடம். அதில் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள், குறுக்கே ஓர் ஆறு, ஆற்றின்மேல் மூன்று பாலங்கள். விரல் நகத்தளவில் முந்நூறு அட்டைச் சில்லுகள். ஒவ்வொன்றும் ஒரு படை. இரண்டு பகடை, நாற்பது பக்க விதிப்புத்தகம். நீலப்படை கணவருக்கு, சிவப்புப்படை எதிரிக்கு. ஒரு போர் முடிய நாலு ஞாயிறு ஆகும். அதுவரை சாப்பாட்டு மேசையில் யாரும் கை வைக்கக் கூடாது. அவளும் மகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

"எல்லார் வீட்லயும் மேசையில சாப்பிடுறாங்க. எங்க வீட்ல மேசையில சண்டை போடுறாங்க" என்பாள், கேட்கிறவர்களிடமெல்லாம்.

அவளுக்கு வேலை பல்செட்டு செய்யும் லேபில். ஒருமுறை வீடு பெருக்கும்போது நீலப்படையின் டாங்கிப் பிரிவு ஒன்று குப்பையோடு போய்விட்டது. ஆண்கள் இருவரும் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்கள். அது கிடைக்காமல் போனதும், கொலைகாரியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள். மறுநாள் லேபில் மிச்சமிருந்த மாவைக் குழைத்து அதே அளவில் ஒரு சில்லு செய்து, மேலே படை எண்ணையும் செதுக்கிக் கொண்டுவந்தாள். பல்செட்டு மாவு அல்லவா, ஈறு நிறத்தில் இருந்தது. எதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது கடிக்குமா?" என்று கேட்டார். கணவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

மழை பெய்தால் கனரக வண்டிகள் பாலத்தைக் கடக்கலாமா கூடாதா என்று அவர்கள் தொண்டை கிழியச் சண்டை போட்டதுண்டு. பதினான்காம் விதிக்கு இருவரும் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். "இல்லாத ஊர்ல பெய்யாத மழைக்கு ஏன்யா இந்தக் கத்து கத்துறீங்க?" என்று அவள் கேட்டால், இருவரும் ஒரே குரலில் "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எதிரிகளுக்குள் ஒற்றுமை.

போன வருடம் ஒரு காலையில் கணவர் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. உயிர் தப்பியது, வலது கையும் காலும் பேச்சும் போயின. "எண்ணிக்கை, கணக்கு இதெல்லாமும் கொஞ்சம் போயிருக்கும். நாளாக நாளாகப் பாப்போம்" என்றார் டாக்டர். நாளும் ஆயிற்று, மாதமும் ஆயிற்று. 'ம்' என்ற சத்தத்தைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

எதிரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் கட்டில்கால் பக்கம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை. எட்டு மாதம். ஞாயிறு மூன்று மணிக்குக் கணவரின் கண் வாசலுக்குப் போவதையும், மூன்றரை வரை அங்கேயே நிற்பதையும் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு வியாழக்கிழமை லேபிலிருந்து நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

எதிரி யாருடைய கண்ணாடிக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"அண்ணா, அவர் செத்தா போயிட்டார்?"

"அப்படிச் சொல்லாத தங்கச்சி."

"வேற எப்படிச் சொல்றது? செத்த வீட்டுக்காவது பதினாறு நாள் ஆள் வரும்."

அவர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "அவனை அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. எனக்குன்னு பொண்டாட்டியா, பிள்ளையா? வாரத்துல எனக்கு இருந்தது அந்த ஒரு மதியம்தான்."

"அவருக்கும் அதுதான். ஞாயித்துக்கிழமை வாங்க."

வந்தார். அவளே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். வரைபடத்தை விரித்ததும் கணவர் சக்கர நாற்காலியில் நிமிர்ந்தார். இடது கையால் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு சில்லுகூட இடம் மாறவில்லை. பல்செட்டு டாங்கிகூட அதன் மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தது. அவள் எதிரியைப் பார்த்தாள், எதிரி அவளைப் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சில் கொஞ்சம் பால் வார்த்தது போலிருந்தது.

பகடை உருட்டியதும் அந்தப் பால் திரிந்தது. ஐந்தும் மூன்றும் விழுந்தன. அவர் நாலு விரலைக் காட்டினார். பிறகு ஐந்து. பிறகு கையை மடித்துக்கொண்டார். "எட்டுங்க" என்றாள் அவள். அதன்பிறகு கூட்டலெல்லாம் அவளே பார்த்தாள். எதிரி அவசரப்படுத்தவில்லை. சிவப்புப்படை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. நாலு ஞாயிறு வேண்டிய போரில் ஐந்து மணிக்கே நீலப்படை நடுப்பாலத்தைத் தாண்டித் தலைநகருக்குள் நுழைந்தது.

"ஜெயிச்சிட்டீங்க!" என்று கை தட்டினாள். அவர் முகத்தின் பாதி சிரித்தது.

அப்புறம் அவர் வரைபடத்தைப் பார்த்தார். நடுப்பாலம். அதிலிருந்து போகும் சாலை. சாலையில் நாலு கட்டம் தள்ளி, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்த சிவப்பின் பெரிய படை. இடது சுட்டுவிரலை அதன்மேல் வைத்து, மெதுவாகத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து, பாலத்தின் வாயில் நிறுத்தினார். அது போயிருக்க வேண்டிய இடம் அது. இருபத்தாறு வருடமும் முதல் வேலையாக எதிரி அதை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்.

நிமிர்ந்து எதிரியைப் பார்த்தார். எதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"போ" என்றார் கணவர்.

எட்டு மாதத்தில் தெளிவாக வந்த முதல் வார்த்தை.

எதிரி மறுபடி வருவார் என்று அவள் நினைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னார்: "நான் பண்ணது தப்புதான்டா. இன்னிக்கு நெசமாவே ஆடுறேன். ஒரு கட்டம்கூட விட்டுத்தர மாட்டேன்."

கணவர் 'ம்' என்றார்.

எதிரி நிஜமாகவே ஆடினார். அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. கணவர் ஒருமுறை நகர்த்திய சில்லையே மறுபடியும் நகர்த்தினார். பாலமில்லாத இடத்தில் ஆற்றைக் கடந்தார். அவள் "அங்க தண்ணிங்க" என்று மெல்லச் சொன்னதும் கையை இழுத்துக்கொண்டார். எங்கிருந்து எடுத்தோம் என்பது அவருக்கு மறந்திருந்தது. சிவப்புப்படை இரண்டு பக்கமும் வந்து வளைத்தது. இன்னும் ஒரே ஒரு உருட்டல்தான் பாக்கி. எதிரி பகடைகளை உருட்டாமல் மேசையில் வைத்தார்.

"என்னால முடியலடா" என்றார்.

இந்த முறை கணவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. இடது கையால் நீலச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். சிறிது நேரம் கழித்து எதிரியும் சிவப்பை எடுத்துப் போட ஆரம்பித்தார்.

படிக்கட்டு வரை அவள் கூடவே போனாள்.

"அவனை ஒரு தடவையாவது நசுக்கிப் போடணும்னுதான் தங்கச்சி ஒவ்வொரு வாரமும் வந்தேன். நான் ஜெயிச்சதெல்லாம் மயிரிழையில. அதுவே பத்து வாட்டி இருக்குமோ என்னமோ. இன்னிக்கு அரை மணியில முடிஞ்சிருச்சு." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "விட்டுக்கொடுத்தாலும் அவன் இல்ல, விட்டுக்கொடுக்காட்டியும் இல்ல. நான் யார்கிட்டப் போய் ஆடுறது?"

அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

அதோடு விட அவளுக்கு மனசில்லை. விதிப்புத்தகத்தை லேபுக்கு எடுத்துப்போய் மதிய இடைவேளையில் படித்தாள். பதினான்காம் விதியை நாலு தடவை படித்தாள். உண்மையிலேயே இரண்டு அர்த்தமும் இருந்தது. பத்து நாளில் ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. ஒரு மாலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். "நான் சிவப்பு. எனக்கும் ஒண்ணும் தெரியாது, உங்களுக்குச் சரியா இருக்கும். வாங்க, மழையில பாலத்தைத் தாண்டலாமா கூடாதான்னு ஒரு கை பாத்துடுவோம்."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறக்கவும் விடவில்லை. மூடிமேல் இருந்த அவள் கையைத் தன் இடது கையால் இரண்டு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குழந்தை கொண்டுவந்து நீட்டும் மண்சோற்றை வேண்டாம் என்று சொல்வதுபோல, அத்தனை பதமாக. அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த வாரம் லேப் முதலாளியிடம், "ஞாயித்துக்கிழமையும் வேலை இருந்தா குடுங்க" என்று கேட்டாள். வீட்டில் கஷ்டமா என்று அவர் கேட்டதற்கு ஆமாம் என்றாள். என்ன கஷ்டம் என்று அவர் கேட்கவில்லை.

இப்போது ஞாயிறு மதியம், அவள் கேட்டுக்கொண்டதால், கணவருக்குத் துணையாக எதிரிதான் வந்து உட்காருகிறார். அவர் வந்ததும் இவள் கிளம்பிவிடுவாள். ஆறு மணிக்குத் திரும்பி வரும்போது டிவி ஓடிக்கொண்டிருக்கும், இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளைக் கண்டதும் எதிரி எழுந்து செருப்பைத் தேடுவார்.

"என்ன அண்ணா பேசினீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணும் பேசல தங்கச்சி. மாத்திரை குடுத்தேன்" என்பார்.