தலைக்கு நேர் மேலே

படுக்கையறையில் ஏணியை விரித்தபோதே மகாவுக்கு மனசு சரியில்லை. திருகாணி போட வேண்டிய இடத்துக்கு நேர் கீழே ஒருவர் படுத்திருந்தார்.

தொம்மலூரில் அது பழைய வீடு. படுத்திருந்த சுந்தரராமன் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்து, பட்டை மாட்டி மல்லாந்து கிடந்தார். ஆறு வாரம் தலை அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரால் பார்க்க முடிந்தது மேற்கூரை ஒன்றைத்தான். படமும் அங்கேயே தெரியட்டும் என்று மகன் பத்ரிநாத் புரொஜெக்டர் வாங்கி வந்திருந்தான்.

கால்மாட்டில் ஸ்டூல் போட்டு அதில் புரொஜெக்டரை வைத்து, முன்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்தால் படம் மேலே போய்விடும். ஆனால் கூரை சொரசொரப்பாக, கறை படிந்திருந்தது. அதனால் வெள்ளைத் திரையைக் கூரையோடு சேர்த்துத் திருக வேண்டும். அதற்குத்தான் புரொஜெக்டர் வாங்கிய கடையிலிருந்து மகாவை அனுப்பியிருந்தார்கள்.

"அங்க வேண்டாம்மா," என்றார் சுந்தரராமன். உதடு மட்டுமே அசைந்தது. "கூரை தினம் கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கறது."

பத்ரிநாத் மகாவிடம் குரலைத் தாழ்த்தினான். "மருந்து வேகம். ஒரு வாரமா இதையேதான் சொல்றார். நீங்க போடுங்க."

மகா ஏணியில் ஏறி ஸ்க்ரூடிரைவர் பிடியால் கூரையைத் தட்டினாள். உள்ளே வெற்றாக இருப்பதுபோல் கேட்டது. ஒரு முழம் தள்ளித் தட்டினாள். அங்கேயும் அப்படித்தான். விரலை வைத்தபோது பூச்சு மெல்ல உள்வாங்கிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"சார், கட்டில நகத்தணும். இப்பவே."

"நகத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கழுத்து அசைஞ்சா என்ன ஆகும் தெரியுமா? டிரில்லக் கொடுங்க, நானே போடறேன்."

அவன் கை நீட்டினான். மகா பிளக்கைப் பிடுங்கி, டிரில்லைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "ஐயா சொல்றது நிஜம் சார். மேல வெறும் பூச்சு தொங்குது."

வாசற்படியில் நின்றிருந்த பாகீரதி மாமி உள்ளே வந்தாள். ஃபேனை நிறுத்தினாள். கணவரின் தலையை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

"பத்ரி, அந்தப் பக்கம் பிடி."

வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டில். நான்கு சக்கரத்தில் ஒன்று சிக்கியிருந்தது. அந்தக் காலை மகா தூக்கிப் பிடிக்க, பத்ரிநாத் இழுத்தான். ஒரு விரற்கடை. நிறுத்தம். மறுபடி ஒரு விரற்கடை. போர்வையின் மேல் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ஜன்னல் பக்கச் சுவரைத் தொட இருபது நிமிஷம் ஆயிற்று. பத்ரிநாத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மகா அறை வாசலில் நின்றுகொண்டு ஒட்டடைக் கம்பால் கூரையை லேசாக நெம்பினாள். இரண்டாவது நெம்பலில் பாதிக் கதவு அகலத்துக்குக் காரை பெயர்ந்து, தலையணை இருந்த இடத்தில் விழுந்தது. ஏணி சாய்ந்தது. அறை முழுக்கப் புழுதி.

"அசையாதேங்கோ, நான் பிடிச்சிண்டிருக்கேன்," என்றாள் மாமி.

புழுதி அடங்கியதும் பத்ரிநாத் போர்வை மேலிருந்த தூளைத் தட்டினான். "நீங்க சொல்லிண்டே இருந்தேளே அப்பா," என்றான்.

"மருந்துல ஒளர்றார்னு நீ டாக்டர்கிட்ட ஃபோன்ல பேசினது கேட்டுது. அப்பறம் எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுத்துடா."

கொத்தனார் வந்து பழைய பூச்சு முழுவதையும் இறக்கிப் புதிதாகப் பூச ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை சுந்தரராமனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மகா மறுபடி போனபோது கூரை வழவழவென்று வெள்ளையாக இருந்தது. திரையே தேவைப்படவில்லை. கண்ணாடியைச் சாய்த்ததும் கிரிக்கெட் மைதானம் பச்சையாக மேலே விரிந்தது. சுந்தரராமன் கண்ணிமைக்காமல் பார்த்தார்.

"பத்ரி, யாரோ வாசல் கேட்டைத் தெறக்கறா மாதிரி இருக்கே."

மகாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை பத்ரிநாத் ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து, வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.