வேலம்மா வீட்டில் தங்கிப்போன இரு உறுப்பினர்கள்

போன ஆண்டு ஆடியில், முனியாண்டி பூசைக்கு வந்த இரண்டு நகராண்மைக் கழக உறுப்பினர்கள் வேலம்மா வீட்டைவிட்டு வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிட்டனர். அந்த வாரம் சமையல் எண்ணெய் விலையில் மாற்றமில்லை.

வீடு அசாம் ஜாவாவுக்கும் பத்தாங் காலிக்கும் நடுவே, பழைய செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. மாநில அரசு ஊர்களைக் கழகங்களுக்குப் பங்கு வைத்தபோது, கோடு சரியாக அவள் சமையற்கட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் மேல் விழுந்தது. இக்கரை மேற்குக் கழகம், அக்கரை கிழக்குக் கழகம். நடுவில் கிடந்த சேறு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. மழை பெய்தால் தண்ணீர் அடுப்படிக்கு வந்துவிடும். வேலம்மா முறுக்கு சுட்டு விற்றுப் பிழைப்பவள். இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் ரவாங் அடுக்குமாடியில் மகள் நித்தியாவோடு போய் முடங்க வேண்டியதுதான். கழகத் தலைவரையும் உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிப்பதால், ஓட்டைக் காட்டி மிரட்டவும் வழியில்லை. ஆகவே மேற்கிலிருந்து சுகுமாரனையும் கிழக்கிலிருந்து யுவனேஸ்வரனையும் தன் வீட்டுப் பூசைக்கு அழைத்தாள். ஆட்டுக்கறி என்றதும் இருவரும் வந்தார்கள்.

பூசாரி காளியண்ணன் எலுமிச்சை அறுத்து வீட்டைச் சுற்றி எல்லை கட்டினார். கட்டுவதற்குமுன் வெளியாட்களை அப்பால் நிறுத்த வேண்டும்; உள்ளே சிக்கியவர், கட்டை அவிழ்க்கும்வரை எல்லையைத் தாண்ட முடியாது. கறி வாசத்தில் மறந்துவிட்டார். சாப்பிட்டுக் கிளம்பிய சுகுமாரனின் கார் நேராகத்தான் போனது, வேலம்மா வாசலில்தான் வந்து நின்றது. யுவனேஸ்வரன் நடந்து பார்த்தார். செம்பனைக்குள் நுழைந்தவர் அவள் கோழிக்கூண்டு வழியாக வெளியே வந்தார்.

"கட்ட அவுத்து விடுங்க பூசாரி," என்றார் சுகுமாரன்.

"அடுத்த ஆடியிலதான் லா. முனியாண்டிகிட்ட அப்பீல் கிடையாது."

அன்று பிற்பகலே மழை பிடித்தது. உறுப்பினர்கள் இருவரும் மாவுச் சட்டிகளைத் தலையில் ஏந்தி, அடுப்படிக்குள் புகுந்த கால்வாயின் முழங்கால் சேற்றில் நின்றார்கள்.

"தம்பிங்களா, நீங்க நிக்கிறது யாரு ஏரியா?" என்று வேலம்மா விசாரித்தாள்.

இருவரும் ஒருசேரத் தத்தம் கழகத்துடையதே என்று சொல்லி, அவரவர் கழகத்துக்குப் போன் போட்டார்கள். மறுநாள் இரு கரையிலும் லோரிகள் வந்தன. இரு தரப்பு ஆட்களும் சேற்றை வாரிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்து, சேர்ந்து தேநீர் குடித்தார்கள். அதன்பின் அடுப்படி நனையவில்லை. யுவனேஸ்வரன் பிழிந்த முறுக்குக்கு ரவாங்கில் தனி மவுசு.

இந்த ஆடியில் காளியண்ணன் கட்டை அவிழ்த்தார். இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் மாநில அரசு அவர்கள் இடத்தில் புதியவர்கள் இருவரை நியமித்திருந்தது. அந்தப் புது உறுப்பினர்கள் அழைப்புக்குக் காத்திராமல், மாற்றுத் துணிப் பையோடு பூசைக்கு வந்து நின்றார்கள். வேலம்மா பைகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, முறுக்குப் பிழியத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.