எல்லை தாண்டாத தேனீக்கள்

1954 ஆவணியில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூர் கொம்யூன் வட்டாரத்தின் தேனீக்கள் எல்லைக்கம்பியைத் தாண்டுவதை நிறுத்திக்கொண்டன. கம்பிவரை வரும், கொஞ்சநேரம் ரீங்கரிக்கும், திரும்பிப் போய்விடும். அந்தப் பக்கத்துத் தேனீக்களும் அப்படியே. பிரெஞ்சு எல்லையை இந்திய அரசு அடைத்திருந்த மாதங்கள் அவை. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் உள்ள சட்டம் தங்களுக்கும் உண்டென்று தேனீக்கள் எடுத்துக்கொண்டதில் யாருக்கும் வியப்பில்லை.

அடிபட்டவள் அமுதம் ஒருத்திதான். அவளுடைய தோட்டத்தின் கடைசி வரப்பில்தான் கம்பி ஓடியது. பரணில் ஓராண்டு கிடந்தாலும் அழுகாத தடித்தோல் பரங்கி அவள் வீட்டு விதை; வேறெங்கும் கிடையாது. மீந்திருந்த நான்கு விதைகளை ஆடியில் ஊன்றினாள். அவற்றில் மூன்று, மழையில் அழுகின. நான்காவது, கொடியாகிக் கம்பிக்கடியில் நுழைந்து இந்தியாவுக்குள் படர்ந்தது. ஆண்பூவெல்லாம் பிரெஞ்சுப் பக்கம் பூத்தது. அடியில் பிஞ்சு வைத்த பெண்பூவெல்லாம் இந்தியப் பக்கம். மகரந்தம் சேராத பிஞ்சுகள் மூன்றாம் நாள் மஞ்சளித்து உதிர்ந்தன. இந்தப் போகத்தில் ஒரு காயாவது பிடிக்காவிட்டால் அந்த இனம் அத்தோடு சரி.

"போனா போவுது, சந்தையில வேற வெதையா இல்ல?" என்றான் புருஷன் சம்மந்தம்.

"புருசன்கூடத்தான் வேற கெடைக்கும். நான் மாத்திக்கினனா?"

விடிந்ததும், பெண்பூக்களில் தானே தேய்த்துவிடலாமென்று ஓர் ஆண்பூவைப் பறித்துக்கொண்டு கம்பியருகே போனாள். அந்தப் பக்கம் காவலுக்கு நின்றவர் சுங்கச் சிப்பாய் நடேசன். கண்டிப்பானவர், மீசை அவரைவிடக் கண்டிப்பானது.

"சாவடி பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க. அப்ப வாம்மா."

"அதுக்குள்ள பூவு மூடிக்கும் சார்."

"பூவோ புண்ணாக்கோ, சோதன போடாம தாண்டக்கூடாது."

"போட்டுக்க சார்."

நடேசன் பூவுக்குள் மூக்கை விட்டுத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பூவைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் மீசை மஞ்சளாகியிருந்தது. அமுதம் அதைப் பார்த்தாள்.

"அந்தாண்ட பூவுலயும் எதனா ஒளிச்சி வெச்சிருக்கப் போறாங்க. அதையும் பாத்துடு சார், நாளைக்கி என்மேல பழி வரக்கூடாது."

அது நியாயமாகவே பட்டது நடேசனுக்கு. குனிந்து, ஒவ்வொரு பெண்பூவையும் மீசை முட்டும்வரை சோதித்தார். ஒன்பது விடியல் இப்படி நடந்தது. ஏழு காய் பிடித்தது.

நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள்; கம்பியைச் சுருட்டினார்கள். தேனீக்கள் அன்றே வேலைக்குத் திரும்பின. நடேசனுக்கு வேறெங்கோ மாற்றல் வந்தது. அடுத்த ஆண்டு அந்த விதைகளில் காய்த்த ஒவ்வொரு காய்க்கும் காம்புக்குக் கீழே இருபுறமும் முறுக்கிய கருத்த மீசை இருந்தது. "தகப்பன் சாடை," என்று சொல்லிவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அமுதம் விதை கொடுத்தாள். சம்மந்தம் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காய்களின் மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

விதை வில்லியனூர்வரை பரவியது. பெண்கள் அரிவாள்மணையில் மீசையை மழித்துவிட்டுக் குழம்புக்கு நறுக்கினார்கள். 1962இல் அந்தக் கைமாற்றம் காகிதத்திலும் முடிந்தபோது, பாகூர்ச் சந்தையில் மீசை முளைக்காத பரங்கியைப் பிஞ்சென்று ஒதுக்கிவைத்தார்கள்.